கண்ணைத் திறந்து காண்போம்!

சாலை ஒன்றுதான். சென்னையை விட்டுக் கடலோரமாகத் தெற்கே செல்லும் அந்தச் சாலையில் முதலில் ஈஞ்சம்பாக்கம் வருகிறது. அங்கே ஓவியரும் சிற்பியரும் தம் உழைப்பால் உண்டாக்கிய கலைக்கூடம் உண்டு. கோவளத்தைக் கடந்தால் திருவிடந்தை. அங்கே நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் உண்டு. மேலும் சென்றால் மாமல்லபுரம். அங்கே பல்லவர் காலத்துச் சிற்பியர் பாறையில் செதுக்கிய பெருங்காட்சி உண்டு. பேருந்து ஏறும் நம் இளைஞன் எங்கே இறங்குகிறான்? மாலையும் கையுமாகத் திருவிடந்தையில் இறங்குகிறான்! வழியிலிருந்த கலைக்கூடத்தை அவன் சன்னல் வழியாகவேனும் எட்டிப் பார்த்தானில்லை.

ஏன் மாலை? திருமணம் தடைப்படுகிறதாம். அருச்சகர் சாத்தித் திருப்பித் தரும் மாலையைக் கழுத்தில் அணிந்து 9 முறை வலம் வந்தால் தடை விலகுமாம். தலபுராணம் என்ன சொல்கிறது? காலவ முனிவருக்கு 360 பெண்களாம். பெருமாள் நாளுக்கு ஒருத்தியாக அத்தனை பேரையும் மணந்தாராம். ஒரே ஒரு திருமணத்துக்கு வழியின்றித் திகைப்பவன், 360 திருமணம் முடித்தவரிடம் முறையிடுகிறான்! தடை எங்கே இருக்கிறது? வரதட்சணைப் பேரத்தில் இருக்கிறது. சாதிச் சுவரில் இருக்கிறது. சாதகக் கட்டத்தில் இருக்கிறது. வரதட்சணையைத் தடுக்க 1961இல் சட்டம் வந்தது. சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டம் செய்தது. வழி திறந்தே கிடக்கிறது. வலம் வருவோர்தான் குறைந்தபாடில்லை.

எனினும் நாம் பேச வந்தது அந்தக் கோயிலைப் பற்றி அன்று. இறங்காமல் விட்ட கலைக்கூடத்தைப் பற்றி. மாலை சுமந்தவன் அங்கே இறங்காததில் வியப்பில்லை. பகுத்தறிவு பேசும் தோழர்களிலும் பலர் இறங்குவதில்லையே, அது ஏன்? “ஓவியம் சீமான்களின் பொழுதுபோக்கு” என்கிறார் ஒருவர். “சிலை என்றாலே சாமி, நமக்கு அங்கே என்ன வேலை?” என்கிறார் மற்றொருவர். இவ்விரு கூற்றையும் மறுக்கவே எழுதுகிறோம்.

சீமான்களின் பொழுதுபோக்கா? ஈஞ்சம்பாக்கத்தின் வரலாற்றைக் கேளுங்கள். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த கலைஞர்களும் படம் விற்றால்தான் சோறு என்ற நிலையிலிருந்து மீள வழி தேடினர். மன்னனை நாடினார்களா? மடாதிபதியின் மடியைப் பிடித்தார்களா? இல்லை. கூட்டாக அமர்ந்து, துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலை செய்தனர். கைவினைப் பொருள்களை விற்றனர். சேர்ந்த பணத்தில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அந்த மணற்பாங்கான நிலத்தை வாங்கினர். 1966இல் சோழமண்டலக் கலைஞர் கிராமம் பிறந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அங்கே குடியேறினர். சென்னை இயக்கம் என்று பெயர் பெற்ற அவர்தம் படைப்புகளுக்கென்று 2009இல் அங்கேயே ஓர் அருங்காட்சியகமும் எழுந்தது. பகலில் கைத்தொழில், அதன் வருவாயில் கலை! எவர் காலிலும் விழாமல் வாழ்வது சுயமரியாதை என்றால், அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறென்ன வேண்டும்?

பணிக்கர் 1963 முதல் தீட்டிய ஓவிய வரிசை ஒன்று உண்டு. ‘சொற்களும் குறிகளும்’ என்பது அதன் பெயர். சாதகக் கட்டங்களைப் போன்ற கட்டங்களும், படிக்க இயலாத எழுத்துகளும், கணக்குக் குறிகளும் அவற்றில் நிரம்பியிருக்கும். எத்தனை பெண்களின் வாழ்வை அந்தக் கட்டம் கெடுத்திருக்கிறது! செவ்வாய் ஏழிலா, எட்டிலா என்று பார்த்து எத்தனை வீட்டில் கதவடைத்திருக்கிறது! அதே கட்டம் ஓவியரின் கையில் என்ன ஆயிற்று? வெறுங்கோடாயிற்று, வண்ணமாயிற்று, கண்ணுக்கு விருந்தாயிற்று. அச்சத்தைக் கழற்றிவிட்டால் சாதகத்தில் எஞ்சுவது நாலு கோடுதான். நூறு மேடையில் நாம் முழங்குவதை ஒரு படம் முணுமுணுப்பில்லாமல் உணர்த்துகிறது. திருவிடந்தைக்குப் போகிறவன் வழியில் கண்டிருக்க வேண்டிய படம் அதுவன்றோ!

இனி, சிலை என்றாலே சாமி என்பவருக்கு விடை. கோயிலில் சிலையைப் பார்த்தவர் யார்? பட்டு மூடியிருக்கிறது, பூ மறைத்திருக்கிறது, இருட்டில் ஒரு விளக்கு, இடையே ஒரு புரோகிதர், போதாக்குறைக்கு, கிடைக்கும் ஒரு நொடியிலும் பக்தன் கண்ணை மூடிக்கொள்கிறான்! அங்கே சிலை வணங்கப்படுகிறது, காணப்படுவதில்லை. ஒடுக்கப்பட்டவனுக்கோ அந்த ஒரு நொடியும் இல்லாதிருந்தது. ஆலய நுழைவுக்குச் சட்டம் செய்ய 1939 வரை, 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது. அதைப் பழைய சென்னை மக்கள் ‘செத்த காலேஜ்’ என்றனர்; விலங்குகள் இருந்த இடத்தை ‘உயிர் காலேஜ்’ என்றனர். செத்த காலேஜா அது? திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கே வெளிச்சத்தில் நிற்கின்றனர். முன்னே நின்று பார்க்கலாம். பின்னே சென்று முதுகின் வளைவைப் பார்க்கலாம். குலம் என்ன, கோத்திரம் என்ன என்று கேட்பாரில்லை, தட்டு நீட்டுவாருமில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் இந்த நாட்டுக்கு வந்தவரல்லர். இங்குள்ள நடராசப் படிமத்தின் ஒளிப்படங்களை மட்டும் கண்டு, 1913இல் வியந்து எழுதினார். பக்தியால் அன்று, கண்ணால் வியந்தார். படத்தைப் பார்த்தவருக்கு வாய்த்தது, பக்கத்தில் வாழும் நமக்கு வாய்க்கவில்லையே!

அந்தப் படிமம் தானாய்த் தோன்றியதில்லை. மெழுகில் உருச் செய்தனர்; அதன்மேல் மண் பூசினர்; சூடேற்றி மெழுகை வடித்தனர்; வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றினர்; ஆறியபின் மண்ணை உடைத்தனர். உடைந்த அச்சு மீண்டும் உதவாது; ஆகவே ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை பிறந்தது. நெருப்பருகே நின்று வெந்தவன் யார்? பெயரில்லை! தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் உண்டு, படிமத்தின் உயரம் உண்டு, நகையின் எடை உண்டு. பெருந்தச்சன் ஒருவன் பெயர் கிடைத்ததையே பெரும்பேறாகக் கொண்டாடுகிறோம். வார்த்தவனை வரலாறு வாயிலிலேயே நிறுத்திவிட்டது. பொன் கொடுத்தவனுக்குப் புகழ். புண்பட்ட கைக்கு மறதி. இதுதான் நாம் கொதிக்க வேண்டிய அநீதி. சிலையைக் கண்டு முகம் திருப்புவது அன்று. நாம் முகம் திருப்பினால் ஆதாயம் யாருக்கு? சிற்பியின் உழைப்பு முழுவதையும் புரோகிதனுக்கு எழுதிக் கொடுத்தவர் ஆவோம்.

சிற்பியும் சிந்தித்தவன்தான் என்பதற்கு மாமல்லபுரமே சான்று. அருச்சுனன் தவம் என்றும் கங்கையின் வருகை என்றும் அறிஞர் வழக்காடும் அந்தப் பாறை ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுடையது. முனிவரும் தேவரும் யானையும் நிறைந்த அந்தக் கூட்டத்தில், யானையின் அருகே ஒரு பூனை! முன்னங்காலைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். போலித் துறவியைப் புரிந்துகொண்ட ஓர் உளி, ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே, அரசன் கொடுத்த பாறையில் அதைச் செதுக்கிவிட்டது. நாம் இன்று அச்சிடும் துண்டறிக்கைக்கு அந்தக் கல் மூத்த அண்ணன்!

ஆகவே தோழர்களே, வேலை இரண்டு இருக்கிறது. ஒன்று, கேட்பது. சிற்பப் பயிற்சிக்கென்று 1957இலேயே மாமல்லபுரத்தில் அரசு நிலையம் கண்ட நாடு இது. இங்குள்ள ஒவ்வொரு கலைக்கூடத்திலும் விளக்கப் பலகை நல்ல தமிழில் இருக்கட்டும். எந்தக் கடவுள் என்பதோடு நில்லாமல், எந்த உலோகம், எந்த முறை, எவ்வகைத் தொழிலாளர் கை என்றும் அது சொல்லட்டும். பெயர் தெரிந்தால் பெயரை எழுதுக. தெரியாவிட்டால் ‘பெயர் பதிவு செய்யப்படாத தொழிலாளி’ என்றேனும் எழுதுக.

மற்றொன்று, செல்வது. படிப்பகம்தோறும், மன்றம்தோறும், மாதம் ஒரு நாள் பத்துப் பேராகப் புறப்படுங்கள். அண்ணனோடு தங்கையும் வரட்டும். ஒவ்வொரு படைப்பின் முன்னும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் செய்தது? எப்படிச் செய்தது? யார் செலவில், யாருக்காகச் செய்தது? விடை கிடைக்கும் வரை அங்கிருந்து நகராதீர்கள். குனிந்த தலைக்குத் தெரிவது பீடம் மட்டுமே. நிமிர்ந்து நின்றால்தான் சிற்பம் தெரியும்.