நாலு வயதின் தலையில் ஒரு ஊரின் கவலை

கோலார் தங்கவயலில் எல்.கே.ஜி. அட்மிஷன் என்பது பிழைப்போடு பின்னிய கவலை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஊரில் பலர் பெங்களூருக்கு ரயிலேறித்தான் பிழைக்கிறார்கள். விடியுமுன் மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் வண்டி பிடித்து இருட்டியபின் திரும்பும் அப்பா, பிள்ளையாவது இந்த வண்டியில் தொங்கக் கூடாது என்று நினைக்கிறார். அதற்கு அவருக்குத் தெரிந்த வழி கான்வென்ட். பள்ளி இன்டர்வியூ நாளில் அந்தப் பாரம் முழுதும் குழந்தைமேல் இறங்குகிறது.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும், பள்ளி அறையில் திடீரென்று ஆங்கிலம். வாய் மூடிக்கொள்ளும் குழந்தைக்கு அறிவு குறைவில்லை. அந்த இடத்தில் பெரியவர்களே திணறுவார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதைத் தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயதுவரை, போட்டியோ எல்.கே.ஜி.யிலேயே முடிந்துவிடுகிறது. போதாததற்கு, சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில் தீர்ப்பளித்தது. கிறித்தவப் பள்ளிகளையே அதிகம் நாடும் ஊருக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆகவே காப்பு வீட்டில்தான் தொடங்க வேண்டும். கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, சில நாள் முன்பே பள்ளி வாசல்வரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவது பலன் தரும். ஆங்கிலத்துக்காக வீட்டில் தமிழை நிறுத்துவது வீண் வேலை. தாய்மொழியில் தாராளமாகப் பேசும் குழந்தைக்கு அடுத்த மொழி எளிதில் ஒட்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடமும் கட்டாயம் என்பதால், எப்படியும் மூன்று மொழிக்குப் பழகத்தான் போகிறது.

இடம் கிடைக்காவிட்டால் சொல்லும் வார்த்தையில் கவனம் வேண்டும். ‘உன்னை எடுக்கல’ என்பது வேறு, ‘அந்த ஸ்கூல்ல இடம் இல்ல’ என்பது வேறு. சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வீட்டுக்கு வீடு நடுவே ஒரு சுவர்தான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சீட் கிடைத்த பேச்சு எப்படியும் காதில் விழும். குழந்தை வருத்தத்தை வருத்தமென்று சொல்லாது. வயிறு வலிக்கிறது என்னும், சோறு வேண்டாம் என்னும். அப்போது அதட்டாமல் பக்கத்தில் உட்காருவதே மருந்து. அட்மிஷன் பேச்சைக் குழந்தை தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.