கொடிநாள் காசு யார் வீட்டுக்குப் போகிறது?

2025 அக்டோபர் நடுவில் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைக் கடந்த, வேறு வருமானம் அற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாதந்தோறும் தரப்படும் வறுமைக்கால உதவித்தொகை ரூ.4,000-லிருந்து ரூ.8,000 ஆகிறது. பிள்ளைகளின் படிப்புக்கு ஒருவருக்கு மாதம் ரூ.1,000 என்பது ரூ.2,000 ஆகிறது. மகளின் திருமணத்துக்கு ரூ.50,000 என்பது ஒரு லட்சம் ஆகிறது. நவம்பர் 1 முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு இது பொருந்தும். ஆண்டுக்குச் சுமார் ரூ.257 கோடி செலவாகும். அந்தப் பணம் படைவீரர் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது.

கொடிநாள் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திவிடும் சின்னஞ்சிறு கொடிதான். 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று அதைக் கொடுத்து நிதி திரட்டுகிறார்கள். அது தேசியக் கொடி அல்ல. சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று தரைப்படை, கடற்படை, விமானப்படையின் நிறங்களைக் கொண்டது. பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுத்த அந்தச் சில்லறைதான் எங்கோ ஒரு வயதான சிப்பாயின் வீட்டுக்கு மாதம் ரூ.8,000 ஆகப் போய்ச் சேர வேண்டும். நம் மஹல்லாக்களில் உள்ள தகுதியானவர்களுக்கு அது போய்ச் சேருகிறதா என்பதே நம் கேள்வி.

கூடுவாஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் உள்ள ஊர். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. பல மாவட்டங்களிலிருந்தும் வந்து மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள் நிறைந்த பகுதி இது. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. சொந்த ஊரில் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. ஜமாஅத் பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயர், தொழில், சந்தா எல்லாம் இருக்கும். 'ஓய்வு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதப்பட்டிருப்பவர் எங்கிருந்து ஓய்வு பெற்றார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஓய்வூதியம் பெறும் படைவீரர் நிலை ஓரளவு பரவாயில்லை. அவருக்கு 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. தாம்பரத்தில் பாலிகிளினிக் உண்டு. 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகையும் திருத்தப்படுகிறது. நாம் கவலைப்பட வேண்டியது ஓய்வூதியமே இல்லாதவரைப் பற்றி. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டுகள் பணி வேண்டும். அதற்கு முன்பே விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பியவர்கள் பலர். 1971 போரின்போது இருபது வயதாக இருந்தவர் இப்போது எழுபதைக் கடந்தவர். அவர் கையில் டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்றுதான் இருக்கும், அதுவும் பரணில். ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்த இவர்களுக்காகத்தான் அந்த ரூ.8,000. அவர் இறந்திருந்தால் அவருடைய மனைவி கேட்கலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகளில் இருந்தவர்களையும் நம் மக்கள் 'மிலிட்டரி' என்றே சொல்கிறார்கள். நலத்திட்டக் கணக்கில் அவர்கள் முன்னாள் படைவீரர் அல்லர். அவர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் கீழ் வேறு வழி. இது தெரியாமல் அலைந்து மனம் நொந்து திரும்புகிறவர்கள் உண்டு.

விண்ணப்பம் போக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே பெயர் பதிவாகி, அடையாள அட்டை இருந்தால்தான் மேலே எதுவும் நகரும். செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முன் பதிவு செய்த கூடுவாஞ்சேரிக்காரர்களின் அட்டையில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே இருக்கும். வேறு மாவட்டத்திலிருந்து குடிவந்தவர்களின் பதிவு இன்னும் பழைய ஊரிலேயே கிடக்கும். முதல் வேலை, அந்தப் பதிவை இந்த மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்வதுதான்.

அடுத்தது நம் சமுதாயத்துக்கே உரிய தலைவலி: பெயர். 'முகமது' என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது நமக்குத் தெரியும். ஆள் சேர்ப்பின்போது எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று. ஆதாரில் இருப்பது இன்னொன்று. வங்கிக் கணக்கில் தகப்பனார் பெயர் முன்னால் போயிருக்கும். மனைவியின் பெயருக்குப் பின்னால் ஓரிடத்தில் 'பீவி', ஓரிடத்தில் 'பேகம்', ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. கணவர் உயிருடன் இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. அவர் மவுத்தான பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் எல்லாமே நின்றுபோகும்.

படைகளில் திருமணம், குழந்தைப் பிறப்பு போன்றவற்றைப் 'பார்ட்-2 ஆர்டர்' என்ற உத்தரவின் மூலம் பணிப் பதிவில் ஏற்றுவார்கள். நிக்காஹ் நடந்தது ஊரறிந்த செய்தியாக இருந்தாலும், அந்தப் பதிவில் ஏறாத மனைவி அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு என்று அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலையைக் கணவர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போது, அவர் கையெழுத்துடன் செய்தால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடக்கூடும். பிறகு செய்தால் மாதக்கணக்காகும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம் என்பதையும் நிக்காஹ் நடத்திவைக்கும் ஜமாஅத்துகள் மறந்துவிடக் கூடாது. தஃப்தரில் எழுதியதோடு கடமை முடிந்தது என்ற எண்ணம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

கணவரை இழந்த பெண் இத்தாவில் நான்கு மாதம் பத்து நாட்கள் இருப்பார். காகித வேலை குவிவதும் அதே நாட்களில்தான். இறப்பை 21 நாட்களுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். வங்கிக்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இப்போது படை ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய வழியில் நடப்பதால் அதிலும் பதிவேற்ற வேண்டும். அவர் வெளியே வர இயலாத நாட்களில் இந்த ஓட்டத்தை மகனோ, சகோதரரோ, ஜமாஅத்தின் இளைஞர்களோ ஏற்றுக்கொள்ளலாம். பின்னர் ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றையும் முக அடையாளத்தின் மூலம் வீட்டிலிருந்தபடி கைப்பேசியிலேயே எடுத்துவிட முடிகிறது.

ஜனாஸாவைப் பற்றிப் பேசும்போது கொடியைப் பற்றியும் பேசியாக வேண்டும். தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-இல் காஷ்மீரின் சோபியானில் உயிர் நீத்தார். 'அமரன்' படத்துக்குப் பிறகு அவரை அறியாத பிள்ளைகள் இல்லை. மூவண்ணக் கொடி போர்த்திய பேழை என்றால் நம் மனத்தில் எழுவது அப்படியொரு காட்சி. ஆகவே ஓய்வு பெற்று வீட்டில் இறந்த சிப்பாயின் சந்தூக்கின் மீதும் ஒரு கொடியைப் போர்த்த வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பு. ஆனால் 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், அரசு மரியாதை மற்றும் படைகளின் இறுதிச் சடங்குகளைத் தவிர வேறெங்கும் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்துவதை அவமதிப்பு என்கிறது. தண்டனை மூன்றாண்டு வரை போகும். கடையில் வாங்கிய கொடியை நாமாகப் போர்த்துவது, எண்ணம் எவ்வளவு நல்லதானாலும், ஆபத்து.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் பகுதியில், விவசாயிகள் போராட்டத்துக்குச் சென்று இறந்த ஒருவரின் உடல்மீது கொடி போர்த்தியதற்காக அவருடைய தாய்மீதும் சகோதரர்மீதும் வழக்குப் பதிந்தார்கள். அதே மாநிலத்தின் பிசாடா கிராமத்தில் 2016 அக்டோபரில் நடந்ததையும் நாம் மறக்கவில்லை. முகமது அக்லாக் கொலை வழக்கில் கைதாகிக் காவலில் இருந்தபோது இறந்தவரின் பேழைமீது தேசியக் கொடி போர்த்தப்பட்டது. அக்லாக் அடித்துக் கொல்லப்பட்ட 2015 செப்டம்பரில் அவருடைய மூத்த மகன் இந்திய விமானப்படையில், இதே சென்னையில் பணியில் இருந்தார். கொடிக்குக் கீழே சீருடையுடன் நின்றவரின் தகப்பனார் அவர். இதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் உயர் நீதிமன்றம் சற்று நிதானமாக யோசித்திருக்கிறது. 2013 கிறிஸ்துமஸ் அன்று கோவையில் மூவண்ணமும் அசோகச் சக்கரமும் வரைந்த பெரிய கேக்கை வெட்டியது குற்றமா என்ற வழக்கில், அவமதிக்கும் எண்ணம் இல்லாததைக் குற்றமாக்க முடியாது என்று 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நம் குடும்பங்களுக்கு அவ்வளவு காலம் நீதிமன்றப் படியேறத் தெம்பு கிடையாது. விதியை முன்பே தெரிந்துகொள்வது மேல்.

முறைப்படி ராணுவ மரியாதை தரப்படும்போது கொடியின் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் கபருக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்று கொடி விதிகளே சொல்கின்றன. அடக்கத்துக்கு முன் அதை எடுத்து மடித்துவிடுவார்கள். ஆகவே கபனுக்கும் கொடிக்கும் இடையே எந்த முரணும் இல்லை. 1948 ஜூலை 3 அன்று ஜங்கரில் வீரமரணம் அடைந்த பிரிகேடியர் முகமது உஸ்மான் டெல்லி ஜாமியா மில்லியா வளாகத்தை ஒட்டிய மையவாடியில் முழு அரசு மரியாதையுடன்தான் அடக்கம் செய்யப்பட்டார். பிரதமர் நேருவும் வந்திருந்தார்.

பள்ளிவாசல், மதரஸா வாசல்களில் சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. மகிழ்ச்சியே. அங்கே நாம் காணும் பிழைகள் சில. சங்கத்தின் பெயரைக் கொடியின்மீதே அச்சிடுகிறார்கள். கொடியில் எந்த எழுத்தும் கூடாது. பக்கத்திலேயே அதே உயரத்தில் அமைப்பின் கொடியையோ தர்கா கொடியையோ கட்டுகிறார்கள். தேசியக் கொடிக்கு மேலாகவோ இணையாகவோ வேறு கொடி பறக்கக் கூடாது. கம்பத்தின் உச்சியில் மாலை போடக் கூடாது, ஆனால் விரியும்போது உதிரும்படி உள்ளே பூவிதழ்களை வைக்கலாம். சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவரின் இடப்பக்கம் காவி வர வேண்டும். காரின் முகப்பிலோ கூரையிலோ போர்த்தக் கூடாது. 2022 ஜூலை முதல் வீடுகளில் இரவிலும் பறக்கவிடலாம். 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி உண்டு.

அனுமதி வந்ததிலிருந்து கொடிகள் பெருகின, குப்பைத் தொட்டியில் கிடப்பதும் பெருகியது. கிழிந்த கொடியைத் துண்டாக்காமல், தனிமையில், மரியாதையோடு எரித்துவிடலாம் என்று விதியே அனுமதிக்கிறது. பொது இடத்தில் எரிப்பதுதான் குற்றம். இது தெரியாமல் பயந்து, பழைய துணியோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்த முறை பள்ளிவாசலில் கொடியேற்ற ஆள் தேடும்போது, வழக்கமான பிரமுகருக்குப் பதிலாக மஹல்லாவில் உள்ள ஒரு முன்னாள் படைவீரரை அழைக்கலாம். கொடியை எப்படி மடிப்பது, எப்படிக் கட்டுவது என்பது அவருக்குக் கைப்பழக்கம். அவரைத் தேடும் சாக்கில் எந்தெந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவிப்பு போதும். வருகிறவர்களிடம் டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், வங்கிப் புத்தகம், நிக்காஹ் சான்று ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லி, பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று ஆங்கிலம் தெரிந்த ஒரு மாணவர் பார்த்துக் குறித்துவைக்கலாம். மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ள வீடுகளின் தாள்களை முதலில் பார்ப்பது நல்லது.