துருப்பிடிக்கிற சங்கிலியும் மூச்சு விடும்

1/
கப்பல் வேலைக்குப் போன பையனோ, மச்சானோ, பக்கத்து வீட்டுத் தம்பியோ உங்களுக்கு இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. விஷயம் நங்கூரச் சங்கிலி. அதைப் போட்டு வைக்கிற அறைக்குள்ள விஷவாயு எதுவும் இல்லாமலே ஆட்கள் செத்திருக்காங்க. எப்படின்னு ஒரு டாக்டரா சொல்றேன். கப்பலுக்கே போகாதவங்களும் படிங்க, கடைசியில் நம்ம ஊருக்கு வருவேன்.

2/
முதல்ல அடிப்படை. கப்பலை நிறுத்தி வைக்கிறது நங்கூரம் மட்டும் இல்ல. கடல் தரையில் படுத்துக் கிடக்கும் சங்கிலியின் எடையும் நீளமும் சேர்ந்துதான். பெரிய கப்பல்களில் சங்கிலி சுமார் 27.5 மீட்டர் துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டுக்கு ஒரு ஷேக்கிள்னு பேரு. துண்டுகளைச் சேர்ப்பது, கழற்றிப் பூட்டக்கூடிய கென்டர் ஷேக்கிள். எத்தனை துண்டு வெளியே போயிருக்குன்னு தெரிய, இணைப்புக்குப் பக்கத்து வளையங்களில் பெயின்ட் அடிச்சு, கம்பியும் சுத்தி வைப்பாங்க.

3/
குடும்பமா ஊர் ஊராகப் போகிற பாய்மரப் படகிலும் இதே கதைதான், அளவு மட்டும் சின்னது. 5 மீட்டருக்கோ 10 மீட்டருக்கோ ஒரு நிற அடையாளம். 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல வரும். 60 மீட்டர் வெச்சிருந்தா 120 கிலோவைத் தாண்டிடும். மேலே தூக்கும்போது அது முன்பக்கத்து லாக்கருக்குள்ள கோபுரமா குவியும், சில நேரம் சரிஞ்சு சிக்கிக்கும்.

4/
கவனிக்க வேண்டியது இங்கேதான். சிக்கினா யாராவது அதை விடுவிக்கணும். தடதடன்னு ஆடினா கட்டணும். சேறு சேர்ந்தா வாரணும். பெரிய கப்பல்ல இதுக்காக ஒரு ஆள் செயின் லாக்கருக்குள்ளயே இறங்க வேண்டி வரும். அது மூடியே கிடக்கிற இரும்பு அறை. குறுகலான ஒரு மேன்ஹோல்தான் வழி. உள்ளே உப்புத் தண்ணியில் நனைஞ்ச இரும்பு டன் கணக்கில் கிடக்கும்.

5/
இரும்பு துருப்பிடிக்குதுன்னா என்ன அர்த்தம்? காற்றில் இருக்கிற ஆக்சிஜனை இரும்பு எடுத்துக்குதுன்னு அர்த்தம். துரு என்பதே இரும்பும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்த பொருள்தான். உப்பும் ஈரமும் இருந்தா வேகம் கூடும். திறந்த வெளியில் இது பிரச்சினையே இல்ல, காற்று வந்துக்கிட்டே இருக்கும். மூடின அறையில் புதுக் காற்று வராது. நாள் ஆக ஆக ஆக்சிஜன் குறைஞ்சுக்கிட்டே போகும், கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் நைட்ரஜன்தான்.

6/
நாம சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடம் ஆபத்தானதுன்னு பாதுகாப்பு விதிகள் சொல்லும். 10 சதவீதத்தை நெருங்கும்போது மயக்கம் வரலாம். 6-க்குக் கீழே ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிஞ்சு விழலாம். கத்துறதுக்குக்கூட நேரம் இருக்காது.

7/
"மூச்சு முட்டினா உடனே வெளியே வந்துடலாமே?" பலரும் கேட்கிற கேள்வி. முட்டாது. மூச்சு முட்டுகிற உணர்வைப் பெரும்பாலும் தருவது உடம்பில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதுதான், ஆக்சிஜன் குறைவது இல்ல. இங்கே நீங்க கார்பன் டை ஆக்சைடை ஒழுங்கா வெளியே விட்டுக்கிட்டேதான் இருப்பீங்க. அதனால மூளைக்கு அபாய மணி அடிக்காது. கொரோனா காலத்தில் ஆக்சிஜன் அளவு 80 காட்டும்போதும் சிலர் சாதாரணமா போன் பேசிக்கிட்டு இருந்தது ஞாபகம் இருக்கா? அதே ஏமாற்றுதான்.

8/
இன்னொரு கேள்வி: "சங்கு குளிக்கிறவங்க ஒரு நிமிஷத்துக்கு மேலயும் மூச்சடக்கி இருக்காங்களே?" அவங்க நுரையீரலுக்குள்ள நல்ல காற்றை நிரப்பிக்கிட்டு மூழ்குறாங்க. அது கொஞ்சம் கொஞ்சமா செலவாகும். ஆக்சிஜன் இல்லாத காற்றை இழுத்தா நடப்பது நேர் எதிர். இரத்தத்தில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜன்கூட நுரையீரல் வழியா வெளியே கழுவப்பட்டுப் போகும். ஒவ்வொரு மூச்சும் நம்மளையே காலி பண்ணும். அதான் நிமிஷக் கணக்கு வினாடிக் கணக்கா மாறுது.

9/
இது புத்தகக் கணக்கு இல்ல. 2007 செப்டம்பர், இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயர் கரைக்கு அப்பால் வட கடலில் வைகிங் ஐலே என்ற கப்பல். நங்கூரச் சங்கிலி லாக்கருக்குள்ள தடதடன்னு சத்தம் போட்டது. அதைக் கட்டி வைக்க 2 பேர் போனாங்க. ஒருவர் உள்ளே இறங்கி விழுந்தார். மற்றவர், மேலே தகவல் சொல்லிட்டு அவரைக் காப்பாற்ற இறங்கியிருக்கணும்னு விசாரணை சொல்லுது. அவரும் விழுந்தார்.

10/
மூன்றாவது ஆள் சுவாசக் கருவியோடதான் வந்தார். அதை மாட்டிக்கிட்டு அந்த வாசல் வழியா நுழைய முடியல. அதனால தப்பிச்சு வெளியேற மட்டும் பயன்படுகிற சின்ன முகமூடிக் கருவியைப் போட்டுக்கிட்டு இறங்கினார். உள்ளே எங்கேயோ அது கழன்றது. 3 பேரும் இறந்தாங்க. இரும்பும் சங்கிலியும் துருப்பிடிச்சு ஆக்சிஜன் குறைஞ்சு போனதுதான் காரணம்னு பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு சொன்னது.

11/
அந்தக் கப்பலின் வேலை என்ன தெரியுமா? கடலில் எரிவாயு மேடைகளுக்குப் பக்கத்தில் நின்று, ஆபத்தில் இருக்கிறவங்களை மீட்பது. மீட்புதான் அவங்க தொழிலே. அப்படிப்பட்டவங்களுக்கே இந்த கதி. அதனால "படிக்காதவங்க, கவனம் இல்லாதவங்கதான் இப்படி மாட்டுவாங்க"ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

12/
இனி என் கருத்து. இந்த மாதிரி செய்தி வந்தா "நண்பனைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்த வீரன்"னு எழுதுறோம். அந்த அன்பு பொய் இல்ல, அதை நான் கேலி பண்ணல. ஆனா அப்படி எழுதி எழுதி, வெளியே நிற்கிறவனைக் கோழையாக்கிட்டோம். உண்மையில் வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறவன்தான் உள்ளே இருக்கிறவனுக்குக் கடைசி வாய்ப்பு. அவனும் இறங்கிட்டா அந்த வாய்ப்பும் போச்சு.

13/
"அப்போ கண்ணு முன்னாடி சாகிறதைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?" நியாயமான கேள்வி. ஆக்சிஜன் இல்லாம மூளை தாங்குவது 4, 5 நிமிஷம்தான். அதனால பதிலை விபத்துக்கு முன்னாடியே தயார் பண்ணணும். முதல் ஆள் இறங்கும் முன்பே நல்ல நேரம் காற்றோட்டம் விடணும், மீட்டரில் ஆக்சிஜன் பார்க்கணும், அவர் உடம்பில் கயிறும் பெல்ட்டும் மாட்டணும், வாசலில் ஒருவர் நிற்கணும். விழுந்தா கயிற்றை இழுத்துத் தூக்கலாம், இரண்டாவது ஆள் இறங்க வேண்டியதே இல்ல.

14/
வெளியே எடுத்த பிறகு மூச்சு இல்லைன்னா நெஞ்சை மட்டும் அழுத்தினா போதாது. இவங்களுக்குக் குறைஞ்சது ஆக்சிஜன். 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு. ஆம்பு பை இருந்தா அதை வெச்சுக் கொடுங்க, ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தா சேருங்க.

15/
இதையெல்லாம் விட நல்லது, உள்ளே இறங்குற தேவையே இல்லாம பண்றது. படகோட்டிகள் சங்கிலியின் கடைசி முனையை லாக்கருக்குள்ள இரும்பால் பூட்டாம கயிற்றால் கட்டுவாங்க. அந்தக் கயிறு மேல்தளம் வரைக்கும் வர்ற நீளம் இருக்கும், அவசரத்தில் மேலேயே நின்று கத்தியால் அறுத்துடலாம். பெரிய கப்பல்களிலும் அந்த முனையை லாக்கருக்கு வெளியே இருந்தே விடுவிக்க வழி வைக்கணும்னு விதி இருக்கு. சங்கிலியின் முனைக்குக் காட்டுகிற இந்த அக்கறையை, சிக்கு எடுக்கவும் சேறு வாரவும் இறங்குற ஆளுக்கும் காட்டுங்கன்னுதான் கேட்கிறேன்.

16/
சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி, இப்படிப்பட்ட மூடிய இடத்தில் நுழையவும் மீட்கவும் 2 மாசத்துக்கு ஒருமுறை பயிற்சி கட்டாயம், 2015 ஜனவரி முதல். காற்றை அளக்கும் கருவி 2016 ஜூலை முதல். சின்ன உல்லாசப் படகுகளையும் மீன்பிடிப் படகுகளையும் இந்த விதிகள் பெரும்பாலும் தொடுறதில்ல. இரும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த லாக்கரைத் திறந்தா, உடனே தலையை உள்ளே விடாதீங்க.

17/
இப்போ நம்ம ஊர். செப்டிக் டேங்கில் ஒருவர் விழுந்தார், காப்பாற்றப் போன இருவரும் பலின்னு எத்தனை முறை படிச்சிருக்கோம்? அங்கே விஷவாயுவும் சேரும், ஆனா சாவு வரிசை அதேதான். பாதுகாப்புக் கருவி இல்லாம மனிதரை இறக்கக் கூடாதுன்னு 2013-லேயே சட்டம் வந்தாச்சு. இழப்பீட்டை 30 லட்சமா உயர்த்தி 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவும் போட்டாச்சு. இழப்பீடு வாங்குற குடும்பம் உருவாகாம இருக்கணும்னா, இறங்கச் சொல்ற கையைத் தடுக்கணும்.

18/
பழைய கிணற்றில் தூர் வார இறங்கும் முன்னாடி விளக்கை இறக்கிப் பார்க்கிற வழக்கம் நம்மகிட்ட இருந்தது. எரிகிற வாயு இருக்கிற இடத்தில் அதைச் செஞ்சா வெடிக்கும், அதனால இன்னைக்கு விளக்கு வேண்டாம், மீட்டர்தான் வேணும். ஆனா அந்தப் பாட்டன்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருந்தது: இறங்குறதுக்கு முன்னாடி காற்றைக் கேட்கணும்.

19/
கப்பலுக்குக் கிளம்புற பிள்ளைகிட்ட "பத்திரமா இரு"ன்னு சொல்றதோட நிறுத்தாதீங்க. "மீட்டர் வெச்சுப் பார்க்காத அறைக்குள்ள யார் சொன்னாலும் இறங்காதே. உள்ளே யாராவது விழுந்து கிடந்தா நீ இறங்காதே, ஆள் கூப்பிடு"ன்னு சொல்லி அனுப்புங்க. அதிகாரி திட்டினா திட்டு வாங்கட்டும். திட்டு வாங்கினவன் லீவுக்கு வீட்டுக்கு வருவான்.