சாவுக்குச் சான்று கேள்!

"வயதாகிவிட்டது, போய்விட்டார்!" முதியவர் கண் மூடியதும் உலகம் எழுதும் தீர்ப்பு இது. வயது நோயன்று, சாவுக்குக் காரணமும் அன்று. எனினும் அந்தச் சொல்லின் நிழலிலே ஒருத்தி ஒன்பது ஆண்டுகள் உலவினாள்!

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலே எலிசபெத் வெட்லாபர் எனும் செவிலி, 2007 முதல் 2014 வரை, முதியோர் இல்லங்களில் எட்டுப் பேரை இன்சுலின் ஊசியால் கொன்றாள். போதை மருந்தை எண்ணிப் பூட்டிய இல்லங்கள் இன்சுலினை எண்ணவில்லை. மருந்துத் தவறுக்காக 2014-இல் ஓர் இல்லம் அவளை நீக்கிற்று. மற்றோர் இல்லம் ஏற்றுக்கொண்டது! 2016-இல் வீடு சென்று பணிபுரியும் வேலையும் கிட்டிற்று. அங்கும் ஒரு பெண்மணிக்கு அதே ஊசி. அவர் பிழைத்தது நற்பேறு.

அவளைப் பிடித்தது யார்? காவலரா? மருத்துவரா? இல்லை, அவளே வாய் திறந்தாள்! பாதிரியாரிடம் முன்னரே சொன்னதாகவும் வாக்குமூலம் தந்தாள். பிரார்த்தனை நடந்ததாம், புகார் நடக்கவில்லை! அவள் ஒப்புக்கொண்டிராவிடில் குற்றம் வெளிப்பட்டே இராது என்று, நீதிபதி ஐலீன் கில்லீஸ் நடத்திய பொது விசாரணை 2019-இல் உரைத்தது.

அப்படியாயின், ஐயத்துக்கு ஆளான செவிலியரையெல்லாம் சிறையில் தள்ளுவோமா? நில்லுங்கள், தோழர்களே! நெதர்லாந்திலே லூசியா டி பெர்க் எனும் செவிலியரைப் பாருங்கள். அவர் பணியிலிருந்தபோதெல்லாம் சாவுகள் நேர்ந்தனவாம். அது தற்செயலாக நிகழ 34 கோடியே 20 லட்சத்தில் ஒரே வாய்ப்பாம்! 2003-இல் ஆயுள் தண்டனை. கணக்கே பிழை என்றனர் புள்ளியியல் அறிஞர். கொலைக்கே சான்றில்லை என்று தெளிந்தது. 2010-இல் குற்றமற்றவரென விடுதலை. இழந்த ஆண்டுகளை எந்த மன்றம் திருப்பித் தரும்?

அங்கே ஐயம் எழ வேண்டிய இடத்தில் உறக்கம். இங்கே சான்று வேண்டிய இடத்தில் வெறி. இரண்டும் ஆராயாமையின் பிள்ளைகளே!

ஆகவே நாம் கேட்கிறோம்: இன்சுலினை எண்ணுங்கள். எதிர்பாராச் சாவுக்குக் காரணம் தேடுங்கள். நீக்கப்பட்டவர் ஏன் நீக்கப்பட்டார் என்பதை அடுத்த இல்லத்துக்கு மறைக்காதீர்கள். குற்றஞ்சாட்டுமுன், நடந்தது கொலைதானா என்று சார்பற்ற அறிஞரை ஆராயச் சொல்லுங்கள்.

முதியோர் உயிர் மலிவன்று. செவிலியர் மானமும் மலிவன்று. இரண்டையும் காக்கும் காவலன் ஒருவனே. அவன் பெயர் பகுத்தறிவு!