கடைசிப் பெயர் யாருடையது?

கருத்தரங்கு என்றால் பேச்சாளரைப் பற்றிப் பேசுவோம், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். வாசலில் பெயர் பதியும் மேசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த மேசையில் பெரும்பாலும் நம்மைப் போன்ற மாணவத் தொண்டூழியர்கள்தாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே நாம் பேசலாம்.

சென்ற ஆண்டு புக்கிட் பாஞ்சாங்கில் தமிழ் வணிகர்களுக்காக ஒரு கருத்தரங்கு நடந்தது. 2015 டிசம்பர் 27 முதல் டௌன்டவுன் ரயில் லிட்டில் இந்தியாவிலிருந்து நேராக அங்கே வருவதால், தேக்காக் கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். முன்பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: முதல் பெயர், குடும்பப் பெயர். இரண்டாவதை நிரப்பாவிட்டால் படிவம் நகராது. குடும்பப் பெயரே இல்லாதவர் என்ன செய்வார்? அப்பா பெயரைப் போடுவார். கணினி அதை வைத்துத்தான் பட்டியலை அடுக்கும்.

கவிதா என்பவர் வந்தார் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). 'கே' வரிசையில் அவர் இல்லை. தேடித் தேடி 'ஆர்' வரிசையில் ராமசாமிக்குள் கண்டுபிடித்தோம். அதற்குள் வரிசை மின்தூக்கிவரை நீண்டுவிட்டது. பெயரட்டையிலும் கொட்டை எழுத்தில் ராமசாமி! தேநீர் நேரத்தில் ஒருவர் "மிஸ் ராமசாமி" என்று கூப்பிட, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொந்தமாகத் தொழில் நடத்தும் பெண் அவர். நாலு பேர் தம் பெயரை அறியட்டும் என்றுதான் வந்திருப்பார்.

"இது சின்ன விஷயம், உள்ளே விட்டால் போதாதா?" என்று கேட்ட நண்பர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வணிகக் கருத்தரங்கில் பாதிப் பயன் அறிமுகத்தில்தானே இருக்கிறது?

யோசித்துப் பாருங்கள், இந்தப் படிவம் சிங்கப்பூரில் யாருக்குப் பொருந்துகிறது? சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வருகிறது. மலாய்க்காரர்களுக்கு 'பின்', 'பிந்தி' என்று தந்தை பெயர் பின்னால் வருகிறது. நம்மில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழிலேயே 'சன் ஆஃப்', 'டாட்டர் ஆஃப்'. நம் அடையாள அட்டையே பெயரைப் பிரிக்காமல் முழுதாகத்தான் அச்சிடுகிறது. ஒரு கருத்தரங்குக்கு மட்டும் அதை ஏன் வெட்ட வேண்டும்? முழுப்பெயருக்கு ஒரு கட்டம், "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று இன்னொரு கட்டம் போதும். இரண்டாவதை வைத்துப் பட்டியலை அடுக்கலாம்.

ஒரே பெயரில் இருவர் வந்தால்? கைத்தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்கலாம். அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சட்டப்படி தேவைப்பட்டாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பர் 1ஆம் தேதியே நடப்புக்கு வந்துவிட்டது.

பெயரட்டையில் தமிழிலும் பெயர் வேண்டும் என்பேன். அதை நாமே ஊகித்து அச்சிட வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரே 'எல்' எழுத்து நம் ல, ள, ழ மூன்றுக்கும் நிற்கும். அட்டையில் ஒரு வரியைக் காலியாக விட்டு, மேசையில் ஒரு தடித்த பேனாவை வைத்துவிட்டால், வந்தவரே எழுதிக்கொள்வார்.