லாரி ஓட்டுநருக்கு ஒரு பாட்டு மேடை

அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1972 முதல் நடந்துவரும் சரக்கு லாரிக் கண்காட்சியில், ஓட்டுநர்களுக்காக இலவச இசை நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். பெரும்பாலும் 'கன்ட்ரி' என்று சொல்லப்படும் அந்நாட்டு மக்களிசைக் கலைஞர்களே அங்கு பாடுகிறார்கள். ஓட்டுநரின் தனிமையையும் வீட்டு நினைவையும் பாடுவது அந்த இசையில் தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. 1963-இல் டேவ் டட்லி பாடிப் புகழ்பெற்ற 'சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோடு' அவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று.

நம்மிடமும் இசைக்குப் பஞ்சமில்லை. மாட்டுவண்டி ஓட்டியவர்கள் இரவுப் பயணத்தில் பாடிய வண்டிக்காரன் பாட்டு, தமிழ் நாட்டார் இலக்கியத்தில் ஒரு வகை. அத்தகைய பாடல்களை ஊர் ஊராகத் திரட்டி மேடையேற்றியவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான விஜயலட்சுமி - நவநீதகிருஷ்ணன் இணையர். விஜயலட்சுமிக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புஷ்பவனம் குப்புசாமி - அனிதா, செந்தில் கணேஷ் - ராஜலட்சுமி என இணையராகப் பாடும் மரபு இன்றும் தொடர்கிறது. ஆனால், ஊர்த் திருவிழாவில் இவர்கள் பாடும் இரவில் அவ்வூர் லாரி ஓட்டுநர் எங்கோ ஒரு சுங்கச்சாவடியில் நிற்கிறார்.

சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் அவரையும் அழைக்கிறோம். கண் பரிசோதனை செய்கிறோம். நாட்டுப்புறக் கலைஞர்களைக் கொண்டு அறிவுரையும் சொல்கிறோம். இவை தேவையானவையே. எனினும், அறிவுரை ஏதுமின்றி, உங்கள் உழைப்புக்கு நன்றி என்று மட்டும் சொல்லும் ஒரு மாலைப் பொழுதை நாம் அவருக்குத் தந்ததுண்டா?

அத்தகைய மேடைக்குச் சூலக்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. விருதுநகரை அடுத்த இவ்வூர், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டியுள்ளது. நாட்டின் பட்டாசுத் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்யும் சிவகாசிக்கு இது அண்மை ஊர். நாடெங்கும் தீபாவளி வெளிச்சம் பரவ, அதற்குப் பல வாரங்கள் முன்பே வடமாநிலங்களுக்கு லாரிகள் புறப்பட்டாக வேண்டும்.

வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதபோது பாட்டு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த மேடைக்கு முன்னால் ஓர் ஓட்டுநர் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியுமா என்று யோசித்தாலே உண்மையான சிக்கல் வெளிப்பட்டுவிடும். வண்டியை எங்கே நிறுத்துவது? சரக்குக்கு யார் காவல்? தாமதத்துக்கு யார் பொறுப்பு?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. நெடுந்தொலைவுப் பயணங்களில் 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை அனுமதித்தது. இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்றது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்கள் அதன் வரம்புக்குள் தாமாக வரவில்லை. இந்தியாவில் ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களே மிகுதி. இச்சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டது. நெடுஞ்சாலையின் இரவுகளோ மாறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிவகாசியிலிருந்து தில்லி 2,500 கிலோமீட்டருக்கு மேல். சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கொண்டால், 54 மணி நேரத்தில் 2,160 கிலோமீட்டர்தான் கடக்க முடியும். ஆகவே, சட்டப்படி ஓட்டும் தனி ஓட்டுநர் ஒருவர் தில்லி சேர ஒரு வாரத்துக்கு மேலாகும். வாடகை பேசும்போதும், சரக்கு சேர வேண்டிய நாளைக் குறிக்கும்போதும் இந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? பார்க்காத கணக்கின் மிச்சம் ஓட்டுநரின் தூக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறது. வெடிபொருள் ஏற்றிய வண்டியில் அந்தக் கழிவு, சாலையில் செல்வோர் அனைவருக்கும் ஆபத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். வண்டியிலுள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது. அமெரிக்காவில் 2017 டிசம்பர் முதல் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமாயிற்று. நாமோ தண்டனையைத்தான் முதலில் நினைத்தோம். விபத்து நடந்தபின் தெரிவிக்காமல் தப்பினால் 10 ஆண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து, 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்பிரிவு நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. புதிய லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி 2025-இல் கட்டாயமானது நல்ல தொடக்கம். ஆனால், குளிர்ந்த அறையிலும் தூக்கம் தூக்கம்தான்.

எனவே, என் கோரிக்கை இரண்டு. முதலாவது, சூலக்கரை போன்ற இடங்களில் குளியலறையும் படுக்கையும் காவலும் உள்ள லாரி நிறுத்துமிடம் வேண்டும். பட்டாசு வண்டிகளுக்கு ஊருக்கு வெளியே தனி இடம் வேண்டும். இரண்டாவது, ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் கருவி கட்டாயமாக வேண்டும். அந்தப் பதிவுக்குச் சரக்கு அனுப்புவோரும் பொறுப்பேற்க வேண்டும். சரக்கு வாடகை சற்று உயரக்கூடும். ஒரு மத்தாப்புப் பெட்டியின் விலையில் அது எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

இவை நிறைவேறும்வரை பாட்டு மேடை காத்திருக்க வேண்டியதில்லை. அதைப் போட்டுவிட்டு, எத்தனை ஓட்டுநர்களால் வந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் நாற்காலிகளின் எண்ணிக்கையே அரசுக்கு நாம் அளிக்கும் மனுவாக இருக்கட்டும்.