பக்கத்தில் இருப்பவர் யார்?

நம் சங்கத்தின் ஆண்டுவிழா அழைப்பிதழ்கள் சிலவற்றை அண்மையில் அடுக்கி வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பாடகரின் பெயர் விரற்கடை உயரத்தில் நிற்கின்றது. வயலினும் மிருதங்கமும் வாசித்தோர் பெயர்கள் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் கிடக்கின்றன. ஓர் அழைப்பிதழில் ‘பக்கவாத்தியங்களுடன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு காரியம் முடிந்துவிட்டது. அச்சகத்தாரைப் பழித்துப் பயனில்லை. எழுதிக் கொடுத்தவர்கள் நாமே.

இதில் என்ன கேடு என்பார் உளர். கச்சேரி பாடகருக்கு உரியது, பிறர் துணைக்கு வந்தவர், மேடையில் சிறிது போட்டியும் இருந்தால்தான் சுவை என்பது அவர்தம் கட்சி. இக்கட்சியை நாம் முற்றிலும் மறுக்கின்றோம்.

மேடையில் உண்மையில் நிகழ்வது என்ன? பாடகர் ஒரு ராகத்தின் பிடியைப் பாடி மூச்சு வாங்கும் இடைவெளியில் வயலின் அதனை ஏந்திக்கொள்கின்றது. அடுத்து அவர் எவ்வழி செல்வார் என்பது வயலின்காரருக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒத்திகை இல்லை. காலையில் இரயிலில் வந்திறங்கி, மாலையில் மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதும் உண்டு. பாட்டின் வரி தாழுமிடத்தில் மிருதங்கம் தன் கையைத் தாழ்த்துகின்றது. தனி ஆவர்த்தனத்திலோ, மிருதங்கம் அந்தக் கணத்தில் வாசித்துக் காட்டியதைக் கடக்காரர் ஒரே முறை கேட்டுத் திருப்பித் தர வேண்டும். மோரா முடிந்து, கோர்வை மும்முறை வந்து, எடுப்பில் எல்லோரும் ஒன்றாகச் சேரும்போது நம் உடல் சிலிர்க்கின்றதே, அந்தச் சேர்க்கையில் பாதியை வெட்டி எடுத்து ‘இது பாடகருடையது’ என்று எவராலும் காட்ட இயலுமா?

இத்தகைய கலையில் செருக்குப் புகுந்தால் அது கேட்கும்திறனையே முதலில் தின்றுவிடுகின்றது. வயலின்காரரைத் தடுக்கி விழச் செய்வதற்கென்றே வீட்டில் கணக்குப் போட்டு வந்து சுரம் பாடும் வித்துவான்களைக் கண்டிருக்கின்றோம். எடுப்பை மறைத்து வாசித்துக் கடக்காரரைத் திணறடிப்பதை வீரமெனக் கருதும் மிருதங்கக் கலைஞரையும் கண்டிருக்கின்றோம். ஒருவர் சறுக்க, மற்றவர் புன்னகைக்க, முன்வரிசை கைதட்டுகின்றது. அந்தக் கைதட்டலில் நம் கையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இது இன்று தோன்றிய நோயன்று. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தவர். வலந்தலை அவையை நோக்கி இருக்க வேண்டுமானால் அவர் பாடகரின் இடப்புறம் அமர வேண்டும். வயலின்காரர் வலப்புறம் மாற வேண்டும். நான்கடி இடம் மாறி உட்கார வயலின்காரர் சிலர் உடன்படாமையால் அம்மேதையின் இளமைக்கால வாய்ப்புகள் சுருங்கின. சென்னை மியூசிக் அகாதெமி 1942-இல் நிறுவிய சங்கீத கலாநிதி விருது, மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு முதன்முறையாகக் கிடைத்தது 1966-இல். பெற்றவர் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). அவரிடமும் நாம் சொல்ல வேண்டிய குறை உண்டு. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்துவிட்டு, பிற்காலத்தில்தான் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். பட்டம்மாள் அவருக்குச் சம்பந்தியுமானார் என்பது வேறு செய்தி. இத்தனை ஆண்டுகளில் எத்தனை நற்கச்சேரிகளை நாம் இழந்தோம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆயினும் ஒன்றில் மணி ஐயர் சரியாகவே கண்டார். ஒலிபெருக்கியை அவர் எதிர்த்தார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தன் ஒலி எட்டவில்லை என்று கண்ட மைசூர் சௌடையா (1895–1967) வயலினுக்கு ஏழு தந்திகள் பூட்டினார். ஏனையோர் கையின் அளவை மாற்றி ஒருவருக்கொருவர் இடம்விட்டனர். 2,700-க்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட மாட்டுங்கா சண்முகானந்தா அரங்கில் ஒலிபெருக்கி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ‘எனக்குக் கூட்டு, எனக்குக் கூட்டு’ என்று ஒலியமைப்பாளருக்குச் சைகை காட்டுவதைப் பார்க்கும்போது, அடுத்தவரைக் கேட்டு அடங்கும் பொறுப்பு மேடையிலிருந்து இறங்கி அரங்கின் பின்கோடிக்குப் போய்விட்டது தெரிகின்றது.

அவையோராகிய நம் பங்கு என்ன? தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுகின்றோம். கடைசி மின்வண்டியைப் பிடிக்க வேண்டியவரை நாம் குறை கூறோம். பஜ்ஜி ஆறிவிடுமே என்று எழுபவரைத்தான் கேட்கின்றோம்: இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கிய கைகள் தமக்கென்று பேசும் அந்தப் பதினைந்து நிமிடம் உமக்கு இடைவேளையா?

ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு இக்கேள்வி பிறரைவிடக் கூர்மையானது. நம் பிள்ளைகளைப் பாட்டு வகுப்பிற்கு அனுப்புகின்றோம். வயலினுக்கோ மிருதங்கத்திற்கோ அனுப்புவோர் மிகச் சிலர். ‘பக்கத்தில் உட்காரவா படிக்க வைக்கிறேன்’ என்று ஒரு தந்தையார் நம்மிடமே கேட்டார். பிள்ளைகள் கைப்பேசிச் சுருதியோடு தனியறையில் பயின்று, ஆண்டுவிழாவில் ஆளுக்கொரு பாட்டைப் பாடி இறங்கிவிடுகின்றனர்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவ்விழாவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அத்தனை குழந்தைகளுக்கும் மிருதங்கம் வாசித்தான். ஒத்திகைக்கு அவனை எவரும் அழைக்கவில்லை. ஏழு வயதுப் பெண்குழந்தை ஒன்று சரணத்தை மறந்து விழித்தபோது, அவன் ஓசையைத் தணித்து இன்னும் ஓர் ஆவர்த்தனம் சுற்றிக்கொண்டே அவளைப் பார்த்துத் தலையசைத்தான், அவள் பிடித்துக்கொண்டாள். அன்று மேடையில் நிகழ்ந்த சங்கீதம் அது ஒன்றே என்பது நம் தீர்ப்பு. நன்றியுரையில் ஒலிபெருக்கி, பந்தல், சிற்றுண்டி தந்தோர் அனைவரையும் சொன்னோம். அவன் பெயரைச் சொல்லவில்லை. அவனுடைய தாயார் ஒன்றும் பேசாமல் வாத்தியத்தை உறையிலிட்டு எடுத்துச் சென்றார். மறு ஆண்டு அவன் வரவில்லை.

சென்ற ஆண்டு தாளத்திற்குக் கைப்பேசிச் செயலியை வைத்துக்கொண்டோம். ஒரு சிறுவன் நடுவில் மறந்து நின்றான். அது நில்லாமல் ஓடியது. அவன் அழுதுகொண்டே இறங்கினான்.

இவ்வாண்டு அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. வாசிப்போர் பெயர்களையும் பாடுவோர் பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் இட வேண்டும், விழாவிற்கு முன் இருமுறையேனும் எல்லோரும் சேர்ந்து அமர்ந்து பயில வேண்டும் என்று செயற்குழுவிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கின்றோம். அச்சிறுவனின் வீட்டிற்கும் நாம் நேரில் போகவிருக்கின்றோம். குழுவினர் எவரேனும் உடன்வந்தால் நலம்.